நீர்நாய் வலைகளோடு திரும்பும் ஓலை

நீர் வற்றாதிருக்க. நெறி பிறழாதிருக்க.

மணிவாவி நாடுடையாளும், கீழைமடைகள் அனைத்துக்கும் தலைவியும், ஆம்பற்கொடி உயர்த்தவளுமான நன்னுதலி, குன்றவாயில் கோமானும், பனிச்சாரல் ஏழுக்கும் உரியவரும், நம் உடன்பிறந்த தமையனாருமாகிய நெடுவேளாதனார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் தெளிந்திருக்க. தங்கள் களிறுகள் நலமாயிருக்க. அண்ணியாரும் மக்களும் நோயறியாதிருக்க. வாழ்த்தில் நாம் குறை வைக்கவில்லை. இனி வருவனவற்றில் வாழ்த்து இல்லையாதலால் அதை முன்னரே நிறையச் சொல்லிவிட்டோம்.

எழுத்தரை விலக்கி இதை நம் கையாலேயே எழுதுகிறோம். காரணம் தாங்கள் அறிவீர்கள்.

நம் அரண்மனைக்குக் கிழக்கே உள்ள ஆம்பல் நாற்றங்காலைத் தேடி எட்டுத்திசை ஓவியர்களும் வருவது தாங்கள் அறிந்ததே. அவர்களுக்கு அங்கே சோறுண்டு, நிழலுண்டு, ஒரே ஒரு நெறியுமுண்டு: கால் நனையாமல் கரையிலிருந்து வரைய வேண்டும். படத்தை எடுத்துச் செல்லலாம், செடியைத் தொடலாகாது. இந்நெறியை ஏற்ற எவருக்கும் நாம் கதவடைத்ததில்லை. ஆயினும் நான்கு புறமும் மதில் சூழ்ந்த உள்வாவிக்குள் எவரையும் விட்டதுமில்லை. அங்கேதான் அந்தியாம்பல் இருந்தது. வெளிறிய பொன்மேல் புகை படிந்தாற்போன்ற நிறம். விளக்கேற்றும் வேளையில் மலர்வது. உலகில் அந்த ஒரு கிழங்கே. வாவிக்காரி கொற்றி விதையிலிருந்து அதை வளர்த்தெடுத்தாள்.

தங்கள் அவை ஓவியர் எழினி தங்கள் ஓலையோடு வந்தார். இவர் கண்ணை என் கண்ணாகக் கொள்க என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். கொண்டோம். உள்வாவியைத் திறந்துவிட்டோம். இளவேனில் முழுதும் அவர் அங்கேயே கிடந்தார். ஒரு பூவை இத்தனை நாள் பார்ப்பவர் வீட்டில் மனைவியை ஒருநாளாவது பார்த்ததுண்டா என்று கொற்றி கேட்டதாகவும், பார்த்ததனால்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று அவர் விடை சொன்னதாகவும், வாவிப்பெண்கள் அன்று முழுதும் சிரித்துக் களை பறிக்க மறந்ததாகவும் கேட்டு நாமும் சிரித்தோம்.

அவர் விடைபெற்ற நாளில், தூரிகை கழுவிய கலங்கல் நீரோடு ஒரு பெருங்குடத்தையும் வண்டியில் ஏற்றினார். இந்த நீரை எருமையும் குடிக்காதே, இதையுமா மலைக்குச் சுமப்பீர் என்று வாயிற்காவலர் கேலி பேசினர். தங்கள் முத்திரை இருந்ததால் குடத்துக்குள் எவரும் கைவிடவில்லை. மறுநாள் விடிந்தபோது உள்வாவியில் சேறு மிதந்தது. அந்தியாம்பல் இருந்த இடத்தில் குழி இருந்தது.

அப்போதும் நாம் எழினியை ஐயுறவில்லை. தங்கள் கண்ணை எப்படி ஐயுறுவது? நீர்நாயின் வேலை என்றே முடிவுகட்டி, கால்வாயோரம் குட்டிகளோடு வாழ்ந்த நீர்நாய்களை ஆற்றுக்கு அப்பால் விரட்டினோம். செய்தி கேட்டுத் தாங்கள் இரங்கல் ஓலை விடுத்தீர்கள். நீர்நாய் பிடிக்க நல்ல வலைகளும் அனுப்பினீர்கள். அண்ணன் மனம் இப்படி என்று அவ்வலைகளை அவையோர்க்குக் காட்டிப் பெருமை பேசினோம். அதை நினைத்து இப்போது நாணுகிறோம்.

சென்ற திங்கள் தங்கள் விழாவுக்கு வந்தோம். விருந்து மண்டபத்தில் எழினியின் படம் தொங்கியது. பூ அப்படியே உயிரோடிருந்தது. அதன் அருகே ஓர் இலை மடங்கி, அடிப்புறம் குருதிச் சிவப்பாய், நரம்பெல்லாம் மயிர் படர்ந்து தெரிந்தது. கரையிலிருப்பவர் அந்தியாம்பல் இலையின் அடிப்புறத்தைக் காண இயலாது. அது நீரோடு ஒட்டிக் கிடப்பது. வேரோடு பிடுங்கியவரே அந்தச் சிவப்பைக் காண்பார். எங்கே கண்டீர் என்று எழினியை வினவினோம். காற்றில் இலை புரண்டது என்றார். மதில் சூழ்ந்த வாவியில் எந்தக் காற்று? தங்களைப் பார்த்தோம். தங்கைக்குப் பூவென்றால் பித்து என்று தாங்கள் அவையோரிடம் நகைத்துவிட்டு, தங்கள் இலையிலிருந்த சோற்றைப் பார்த்தீர்கள். அந்தக் குடத்தில் மலையேறியது எது என்று அப்போது அறிந்தோம்.

அண்ணா, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அது முதல் பக்கக்கிழங்கு விட்டதும் உன் வீட்டுக்குத்தான் என்று கொற்றியிடம் சொல்லிவைத்திருந்தேன். அவளைக் கேட்டுப் பார்.

நிற்க. கட்டளையாவது: இவ்வோலையைக் கொண்டு வருபவள் கொற்றி. அவள் கையில் உள்வாவிச் சேறு நிறைந்த பானை உண்டு. மலைச்சுனையின் குளிர்ந்த நீரில் அக்கிழங்கு கார்மழைக்கு முன் அழுகிவிடும் என்கிறாள். அதை எங்கே மறைத்திருப்பினும் அவளுக்குக் காட்டுக. உயிரிருந்தால் அச்சேற்றில் வைத்து அவளோடு அனுப்புக. இறந்திருந்தால் பானையை மட்டும் அனுப்புக. இரங்கல் ஓலை வேண்டா.

எழினிக்குத் தீங்கு எதுவும் நேரலாகாது. கண்டதை மறைக்கத் தெரியாத கை அவருடையது. தங்கள் மண்டபத்தில் நமக்கு மெய் சொன்னது அது ஒன்றே.

தாங்கள் அனுப்பிய வலைகளையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறோம். அவற்றில் இதுவரை ஒன்றும் சிக்கவில்லை.

நம் அன்னையார் இருவர்க்கும் பகுத்தளித்த இணை அன்னப்பறவை முத்திரை இவ்வோலைக்கு இடப்படவில்லை. நாட்டு முத்திரையே இடப்பட்டது.

மணிவாவி நாடுடையாள் ஆணை.