எண் மட்டும் எழுதிய குப்பி

பேத்தி நகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அசிட்டோன் வாடை கூடம் முழுக்கப் பரவியிருக்கிறது. நீ போய் ஒரு மாதம் ஆகிறது. கடலூரில் உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கியபோது வராத அழுகை இப்போதும் வரவில்லை. வாடை மட்டும் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் நாம் இருவரும் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு எப்போதும் இந்த வாடைதான். கர்ப்பிணிகளின் சிறுநீரில் அசிட்டோனை ஊற்றினால் கர்ப்பகால ஹார்மோன் வெள்ளையாகப் படியும். கடலூர் பிரசவ வார்டிலிருந்து கேனில் சிறுநீர் கொண்டுவருவது உன் வேலை. உன் ஊர் அதுதானே. ஒரு நாள் நானும் உடன் வந்தேன். கண்டக்டர் கேனைக் காலால் தட்டி, "இன்னா சார், கள்ளா?" என்றார்.

"இல்லப்பா, புள்ளத்தாச்சிங்க மூத்திரம். ஊத்தட்டா?" என்றாய்.

சிதம்பரம் வரை நமக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சீட்டு தாராளமா கெடச்சிடுச்சில்ல மச்சான், அப்புறம் ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க?" என்றாய்.

நாம் தேடியது சின்ன விஷயம். அந்த ஹார்மோனின் புரதம் எல்லாக் கர்ப்பத்திலும் ஒன்றுதான். அதில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகள்தான் மாறும். குழந்தை வளரும் கர்ப்பத்தில் அவை பெரும்பாலும் இரண்டு கிளையாகப் பிரியும். குழந்தை உருவாகாமல் திராட்சைக் கொத்துப்போல் வளர்வது முத்துப்பிள்ளை கர்ப்பம். அது புற்றாக மாறினால் மூன்று கிளைச் சங்கிலிகள் கூடும். அவரை வகை ஒன்றின் விதையிலிருந்து எடுத்த புரதத்தைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பியிருந்தோம். இரண்டு கிளை அதில் ஒட்டும். மூன்று கிளை ஒட்டாமல் ஓடிவிடும்.

குப்பியில் எண் மட்டும்தான் இருக்கும். யாருடையது என்று உனக்குத் தெரியும். சோதிக்கும் எனக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் என் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்ற பயத்தில் நானே கேட்டு வாங்கிய ஏற்பாடு அது.

உன் மனைவி ரோஸிக்கு முத்துப்பிள்ளை என்று தெரிந்து, ஆஸ்பத்திரியில் கருப்பையைச் சுத்தம் செய்ததை அறிவேன். அதற்குப் பிறகும் ஹார்மோன் இறங்கவில்லை என்பதையும், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதையும் நீ சொல்லவில்லை. வழக்கம்போல் நாலு குப்பிகளைக் கொடுத்தாய்.

மாலையில் சொன்னேன்: "மூணு சாதா. இந்த ஒண்ணு அப்படியே ஓடிடுச்சி. சந்தேகமே இல்ல, மூணு கிளைதான். இவ்ளோ தெளிவா நான் பாத்ததே இல்ல." எனக்கு மகிழ்ச்சிகூட. நீ குடுவை கழுவிக்கொண்டிருந்தாய். கழுவியதையே மறுபடியும் கழுவினாய். "சரி மச்சான், நான் கெளம்பறேன்," என்றாய்.

மறுநாளே ரோஸியைப் புதுச்சேரிக்குக் கூட்டிப் போனாய். எக்ஸ்ரேயில் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. உடனே புற்றுக்கான ஊசி தொடங்கினார்கள். அவள் தேறி வீடு வந்த பிறகுதான் அந்த எண் யாருடையது என்று சொன்னாய். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நாலு தடவ குழாயில ஓட்டிப் பாத்திருப்ப. அப்பவும், ஒரு குப்பிய வச்சி ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு இழுத்திருப்ப. எனக்கு நேரம் இல்லடா."

நீ சொன்னது சரி. ஒரு குப்பி போதாது என்றுதான் இன்றைக்கும் என் புத்தி சொல்கிறது.

போன மாதம் உன் அடக்கம் முடிந்ததும் ரோஸி காப்பி கொண்டுவந்தாள். "ஒரு வாய் குடிங்கண்ணே. அவரு இருந்தா உங்கள வெறும் வயித்தோட பஸ் ஏத்த மாட்டாரு." குடித்தேன். சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும். யோசித்த எந்த வாக்கியமும் சரியென்று படவில்லை. டம்ளரைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டும்வரை பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது.

"நாத்தம் தாங்கலையா தாத்தா, மூடிடட்டுமா?" என்கிறாள் பேத்தி. இருக்கட்டும் என்கிறேன்.

'சந்தேகமே இல்லை' என்று ஆயுளில் நான் சொன்னது அந்த ஒரு மாலையில்தான். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பதும் அந்தச் சொல்தான். அதை என் வாயிலிருந்து வரவழைக்க, உன் மனைவியின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் நீ ஓர் எண்ணை எழுத வேண்டியிருந்தது.