தார்ப்பாயை அவிழ்க்கிறவன்

அம்மாவுக்கு அருள்மணியின் வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம், குளிர்தான் ஜாஸ்தி.

பின்லாந்தில் ஏரி உறைவதற்குள் படகுகளைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடவேண்டும். "காத்து பட்டா கருத்துப்பூடும்டா" என்று நீ புளி மூட்டையைக் கட்டுவாயே, அப்படித்தான் இறுக்கிக் கட்டினேன். காலையில் பார்த்தால் ஓரமெல்லாம் அவிழ்ந்து கிடக்கும். கூட வேலை செய்கிற எரிக் மேல்தான் சந்தேகம். அவன் என் அறைக் கதவைத் தட்டினாலும் திறப்பதில்லை.

நேற்று கையும் களவுமாகப் பிடித்தேன். "காற்றுப் போகாவிட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அதைச் சொல்லத்தான் கதவைத் தட்டினேன்" என்கிறான். முதலாளியும் அதையே சொன்னார். இருந்தாலும், என் தப்பைத் தானே சரிசெய்ய இவனுக்கு என்மேல் இன்னா அவ்வளவு அக்கறை?

கொஞ்சம் புளி அனுப்பு, தீரப்போகிறது. ஒருத்தனுக்கென்று ரசம் வைத்தால் தினமும் மிஞ்சிப்போகிறது.

கதவு தட்டும் சத்தம் கேட்கிறது, அவன்தான். இன்றைக்கு எதற்கோ தெரியவில்லை. போய்த் திறக்கிறேன்.