சாயங்காலச் சங்கு

அன்புள்ள அம்மாவுக்கு ரேவதி எழுதுவது. நானும் உன் மாப்பிள்ளையும் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா?

ஜெர்மனியில் உட்கார்ந்து அம்பத்தூர் ஆபீஸ் வேலை பார்ப்பதில் ஒரு வேடிக்கை நடந்தது. நேற்று மதியம் (அங்கே சாயங்காலம்) மீட்டிங்கில், நம் தெரு வித்யா வீட்டிலிருந்து பேசும்போது, அவள் மைக்கில் ஃபேக்டரி விடும் சங்கு கேட்டது. அப்பா வரும் நேரம் என்று எழுந்துபோய், சர்க்கரை போடாமல் டீ வைத்துவிட்டேன்.

“இன்னாடி, எங்க போய்ட்ட?” என்று வித்யா கூப்பிட்ட பிறகுதான், அப்பா போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகிறது என்பது உறைத்தது. கொட்ட மனமில்லை, நானே குடித்தேன்.

அடுத்த மாதம் வந்துவிடுவேன். அதுவரை அப்பாவின் சைக்கிளை யாருக்கும் கொடுத்துவிடாதே. மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது.

தினமும் சங்கு ஊதியதும் எனக்கு போன் போடு அம்மா. நீயும் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு நிற்பாய்.

உன் ரேவதி