அரிசித் தட்டில் ஒடிந்த மணிக்கட்டு

அனுப்புநர்:
செ. இருதயமேரி, எம்.ஏ.,
(வயது 48)
எடமலைப்பட்டி புதூர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பொருள்: ஸ்ரீரங்கம் பாலகுஞ்சம் மழலையர் பள்ளி – மூன்றரை வயதுக் குழந்தை கமலினியின் வலது மணிக்கட்டு முறிக்கப்பட்டது – கட்டுப் பிரித்ததும் குழந்தையை அதே பள்ளிக்கு அனுப்பவிருப்பதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பொருளியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். நீண்ட காலம் தனியார் அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்த பிறகு, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் முன்பருவக் கல்விப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். வார நாட்களில் மேற்படி பள்ளியில் பயிற்சி ஆசிரியை. சனி, ஞாயிறு கல்லூரியில் வகுப்பு. பள்ளியில் செய்யும் வேலைக்குத் தாளாளர் சான்று தந்தால்தான் பட்டம் கிடைக்கும். குழந்தைகளைத் தெய்வம் என்று பேசுகிறவள் அல்ல நான். அவர்கள் கடிப்பார்கள், தள்ளுவார்கள், கூசாமல் பொய் சொல்வார்கள். அவர்களைப் பற்றி முறையாகப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் அதனால்தான்.

2. ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, அருகில் போகாமல், பேசாமல், மூலையில் உட்கார்ந்து கவனிப்பது எங்கள் பாடத்தின் ஒரு பகுதி. எனக்குக் கமலினி அமைந்தாள். மணி கோர்ப்பது, இட்லியைப் பிய்ப்பது, சிலேட்டில் வட்டம் போடுவது எல்லாமே இடது கை. பிறவியிலேயே சிலருக்கு அப்படி அமையும், மாற்ற முயலக் கூடாது என்று எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். கவனித்ததைப் பள்ளித் தலைமைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே தாளாளர் திரு. தேசிகன் அவர்களிடம் தெரிவித்தேன். அவர் சிரித்தார். "நீங்க படிக்க வந்தவா. எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்" என்றார்.

3. மறுநாளிலிருந்து கமலினியின் இடது கையில் ஒரு சாக்ஸ் மாட்டப்பட்டது. கழன்றுவிடாமல் இருக்க மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் சுற்றப்பட்டது. மதியச் சாப்பாட்டு வேளைக்குள் விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடும். தாளாளர் வெளியே போகும்போது நான் கழற்றுவேன். அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் ஆயா அங்கம்மாள் ஓடிவந்து மாட்டிவிடுவார். அங்கம்மாள் மீது எனக்குக் குறையில்லை. மாட்டாவிட்டால் யார் அடிவாங்குவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பால், குழந்தைகளின் விரல் முட்டியில் அடிப்பது அங்கு வழக்கம். முட்டியில் விழும் தடம் சீக்கிரம் மறையும் என்பதால் பெற்றோர் கேட்பதில்லை.

4. அவசரத்துக்குக் காரணம் விஜயதசமி. குழந்தைகளைப் பித்தளைத் தட்டின் முன் உட்கார வைத்து, பச்சரிசியில் விரலால் முதல் எழுத்தை எழுத வைக்கும் அட்சராப்யாசம் அன்று அந்தப் பள்ளியில் பெரிதாக நடக்கும். புதிதாகச் சேர்க்க வருகிற பெற்றோர் சுற்றி நின்று பார்ப்பார்கள், செல்போனில் படம் எடுப்பார்கள். அத்தனை பேர் முன்னால் ஒரு குழந்தை இடது கையால் அரிசியைத் தொட்டுவிட்டால் பள்ளியின் பெயர் என்னாவது என்பது தாளாளரின் கவலை. இதைக் கல்லூரியில் என் வழிகாட்டியிடம் சொன்னேன். பணியிடத்தோடு சுமுகமாகப் பேசித் தீர்க்குமாறு அறிவுரை கிடைத்தது.

5. 25.09.2025 வியாழக்கிழமை காலை, கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை நடந்தது. கல்விக் கடவுளான ஹயக்ரீவர் படத்தின் முன் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர், ஆயா, நான் ஆகிய மூவரே பெரியவர்கள். கமலினி தன் சாக்ஸைப் பல்லால் கடித்து இழுத்து உருவினாள். பிறகு இடது சுட்டுவிரலால் அரிசியில் ஒரு வட்டம் போட்டாள். நல்ல வட்டம். போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று நிமிர்ந்து பார்த்தாள்.

தாளாளர் பார்த்திருந்தார். "ஹயக்ரீவர் முன்னாடி பீச்சாங்கையை நீட்டறா பாரு" என்று சொல்லி, அவளுடைய பின்னந்தலையில் அறைந்தார். குழந்தையின் முகம் தட்டின் விளிம்பில் மோதி உதடு கிழிந்தது. இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, ஆயாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வலது மணிக்கட்டைப் பற்றி விரலை அரிசிக்குள் அழுத்தினார். குழந்தை கையை உருவப் பார்த்தாள். அவர் முறுக்கினார். அவள் காலால் உதைத்தாள். அவர் தன் முழங்காலை அவள் தொடை மீது ஊன்றிக்கொண்டு மறுபடி முறுக்கினார்.

எலும்பு முறியும் சத்தம் கேட்டதா என்று காவல் நிலையத்தில் என்னைக் கேட்டார்கள். கேட்கவில்லை. கேட்டது என்று எழுதினால் மனு வலுப்படும் என்று தெரியும். ஆனால் கேட்கவில்லை. அதுவரை அலறிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று நிறுத்தினாள், அவ்வளவுதான். மணிக்கட்டுக்கு மேலே கை வளைந்திருந்தது. அந்த வளைந்த கையைக் கொண்டே அவர் எழுத்தை எழுதி முடித்தார். உதட்டிலிருந்து ரத்தம் அரிசியில் சொட்டிக்கொண்டிருந்தது.

6. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். விடவில்லை. அவருடைய முன்கையைக் கடித்தேன். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அவர் தட்டை அரிசியோடு தூக்கி, அதன் விளிம்பால் என் முகத்தில் அடித்தார். புருவம் பிளந்தது. ஒரு முன்பல் பாதியாக உடைந்தது. கீழே விழுந்தபின் விலாவில் உதைத்தார். குழந்தைகளில் ஒருத்தி சிறுநீர் கழித்துவிட்டாள். மற்றவர்கள் அசையவே இல்லை. அவர்கள் பக்கம் திரும்பி, மூச்சு வாங்க, "பாத்தேளோல்லியோ? சொன்ன பேச்சு கேக்கலைன்னா இதான்" என்றார். பிறகு ஆயாவைத் தரையைப் பெருக்கச் சொன்னார்.

7. குழந்தை சறுக்கு மரத்திலிருந்து விழுந்துவிட்டதாகப் பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. நான் காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததும் கதை மாறியது. நான் கிறிஸ்தவப் பெண் என்பதால் பூஜை அரிசியைத் தட்டிவிடப் பாய்ந்தேன், அந்தத் தள்ளுமுள்ளில் குழந்தையின் கையை நானே பிடித்து இழுத்து முறித்தேன் என்று என் மீது எதிர்ப்புகார் வந்துள்ளது. அந்தத் தட்டுகளை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புளி போட்டுத் தேய்த்து அடுக்கி வைத்தவள் நான் என்பதை அங்கம்மாள் அறிவார். ஆனால் அவர் தாளாளர் சொன்னபடியே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். என் வீட்டு வாசல் வரை வந்து நின்று, "என்னைத் திட்டிடு டீச்சர், மனசு ஆறிடும்" என்றார். நான் திட்டவில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. குழந்தையின் தந்தை தாளாளரை நம்புகிறார். கல்லூரி என் பயிற்சியை நிறுத்தி வைத்துள்ளது. அது குறித்து இந்த மனுவில் நான் எதுவும் கேட்கவில்லை.

8. 06.10.2025 அன்று புருவத்துத் தையலைப் பிரிக்க மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, கமலினியைத் தாயார் திருமதி. வைதேஹி அழைத்து வந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "வலது கையில கட்டு. சரி, இடது கையால எடுத்துக்கோடின்னா அதையும் எடுக்க மாட்டேங்கறா, மிஸ். ஊட்டினாத்தான் உண்டு. ராத்திரி தூக்கத்துல கூட அந்தக் கைமேலதான் படுத்துக்கறா."

குழந்தை தன் இடது உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். தாயார் ஒரு பிஸ்கட்டை நீட்டினார். வாயைத் திறந்தாளே தவிரக் கையை எடுக்கவில்லை. நான் அந்தப் பிஸ்கட்டை வாங்கி, அவள் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கவனிக்காதது போல் கவனிப்பது நான் பயின்ற வேலை. கொஞ்ச நேரம் கழித்து அவள் இடுப்பை வளைத்துக் குனிந்து, நாற்காலியிலிருந்து அதை வாயால் கவ்வி எடுத்தாள். அதைக் கண்ட தாயார் புடவைத் தலைப்பால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது அவர் மேலும் ஒன்று தெரிவித்தார். கட்டுப் பிரித்ததும் கமலினியைத் திரும்பக் கொண்டுவந்து விடும்படியும், விஜயதசமியன்று விட்டுப்போன எழுத்தைத் தானே பக்கத்தில் உட்கார்ந்து கைபிடித்து எழுத வைப்பதாகவும் தாளாளர் அவள் தந்தையிடம் சொல்லியிருக்கிறார். தந்தை அதற்காக நன்றியும் தெரிவித்திருக்கிறார்.

9. வரும் 30ஆம் தேதி கட்டுப் பிரிக்கப்படும். நவம்பர் 3, திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கு அனுப்புவதாக இருக்கிறார்கள். ஆகவே கோருவது:

அ) அத்தேதிக்கு முன் தாங்கள் நேரில் சென்று விசாரித்து, விசாரணை முடியும் வரை கமலினி அப்பள்ளிக்குத் திரும்பாதபடி உத்தரவிட வேண்டும்.

ஆ) விழுந்ததால் ஏற்பட்ட முறிவா, முறுக்கியதால் ஏற்பட்டதா என்பது குறித்து அரசு மருத்துவர் ஒருவரின் கருத்தைப் பெற வேண்டும்.

இ) அன்று அறையில் இருந்த மற்றக் குழந்தைகளைத் தாளாளர் இல்லாத இடத்தில் பார்க்க வேண்டும். அவர்களிடம் கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஒரு தட்டில் அரிசியைக் கொட்டி முன்னால் வைத்தால் போதும்.

மனுக்கள் எங்கே போய்ச் சேரும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. அதனால் 30ஆம் தேதி வரை தினமும் காலை தங்கள் அலுவலகத்துக்கு வந்து காத்திருப்பேன். என் மீதான புகார் அதன் போக்கில் நடக்கட்டும். நான் கடித்தேனா என்று கேட்டால் ஆம் என்பேன், பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. அந்தக் குழந்தையின் வலது கை ஒருமுறை முறிக்கப்பட்டுவிட்டது. அந்தக் கை அடுத்த திங்களன்று மறுபடியும் அதே மனிதரின் பிடிக்குள் போகாமல் தடுக்கும் அதிகாரம் தங்களிடம் உள்ளது. அதைப் பயன்படுத்துமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 27.10.2025

இங்ஙனம்,
(ஒப்பம்)
செ. இருதயமேரி