முறுக்கா, கட்டைவிரலா?

என்னங்க,

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. கிளம்பும்போது சாவியைக் கீழ்வீட்டு வங்காளி மாஷிமாகிட்ட கொடுத்துடுங்க.

சேத்துல, மணல்ல ஓடுற அந்த ஹேண்டில்பார் வெச்ச நாலு சக்கர வண்டியை உங்க துறைமுகத்துக்கு வாங்குறதுக்கு, எந்த ஆக்சிலேட்டர் தேவலைன்னு நேத்து நீங்கதான் கேட்டீங்க. தினமும் பாலிகஞ்ச் ஆபீஸுக்கு ஸ்கூட்டர் ஓட்டுறவ சொன்னேன்: "முறுக்குறது வேண்டாம். குழியில தூக்கிப் போட்டா, பயத்துல இன்னும் முறுக்கிடுவோம். கட்டைவிரலால அழுத்துறதுன்னா விரலை எடுத்தா போதும்."

"உனக்கென்ன தெரியும்?"னீங்க, சைக்கிள்கூட ஓட்டாத, வண்டி வாங்குற கமிட்டியோட மெம்பர்.

சரி, முறுக்கு வண்டியையே இன்னைக்கு ட்ரையல்ல ஓட்டிப் பாருங்க. நான் பேசுறதா இல்லை.

அனுராதா

பி.கு.: என் ஹெல்மெட்டை வாசல்ல வெச்சிருக்கேன். மறக்காம மாட்டிக்குங்க. நான் பஸ்ல போறேன்.