டாகாலி வரை ஒரே சார்ஜில்

பிப்ரவரி 25, ஞாயிறு

நானே எழுதிவிடுகிறேன். ஊர் முழுக்கக் கொழுந்தன் ஹால்வ்தான் எப்படியும் சொல்லிவிடுவான். நேற்று எங்கள் குடும்பத்தின் டாகாலி மலைவீட்டுக்கு என் எலக்ட்ரிக் கார் லாரி முதுகில் ஏறிப் போய்ச் சேர்ந்தது. பதினான்கு கிலோமீட்டர் பாக்கி இருக்கையில், மைனஸ் பதினெட்டு டிகிரிக் குளிரில், சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது. ஹால்வ்தான் தன் டீசல் வண்டியில் வந்து என் கணவன் சிக்பியோர்னை மட்டும் ஏற்றிக்கொண்டான். நான் லாரி டிரைவர் பக்கத்தில். அக்கம்பக்கத்து மலைவீட்டுக்காரர்கள் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். வேறென்ன செய்ய?

"அண்ணி, அடுத்த தடவ வீட்லேருந்தே லாரியில ஏத்திடுங்க. டயராவது தேயாது."

சிக்பியோர்ன் சிரிக்கவில்லை. "ஈஸ்டருக்குப் போறப்பவும் நின்னுச்சுன்னா வித்துடலாம், குன்வோர்."

பிப்ரவரி 26

யார் தப்பு? என் தப்புதான். ஹீட்டர் இருபத்தாறில். எண்பதில் போகவேண்டிய ரோட்டில் தொண்ணூற்றைந்து. கூரைமேல் பனிச்சறுக்குப் பெட்டி, போன ஈஸ்டரிலிருந்து கழற்றவே இல்லை. இன்று திறந்து பார்த்தேன். ஒரே ஒரு காய்ந்த ஆரஞ்சு. அதற்காக ஒரு வருடம் காற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

பெட்டியைக் கழற்றியாயிற்று. காரை விற்க மாட்டேன்.

மார்ச் 5

என் சலூனுக்குத் தூர்பியோர்க் வந்தாள், முப்பது வருடம் பஸ் ஓட்டியவள். தலை நிறையச் சாயத்தோடு என் கதையைக் கேட்டுவிட்டு, "உன் பின் சீட்ல ஒருத்தி சுடச்சுடக் காப்பியோட உக்காந்திருக்கான்னு நெனச்சு ஓட்டுடி. அவ மேல சிந்தக்கூடாது. தூரத்துல வளைவு தெரியும்போதே கால எடுத்துடு" என்றாள். காலை எடுத்தால் கார் தானாக வேகம் குறைத்து, அந்த ஓட்டத்தையே பேட்டரிக்குக் கரண்டாகத் திருப்புமாம். மூன்று வருடமாக இந்தக் காரை வைத்திருக்கிறேன். பிரேக்கை மிதிமிதியென்று மிதித்து அத்தனையையும் வீணாக்கியிருக்கிறேனே!

மார்ச் 6

ஹீட்டர் இல்லாமல் சலூனுக்குப் போனேன். முதலில் வந்தவள், கழுத்தில் என் விறைத்த கை பட்டதும் அலறிவிட்டாள்.

மார்ச் 11

விறைத்துச் சாக வேண்டியதில்லை! கிளம்புவதற்கு அரை மணி முன்பே, சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே காரைச் சூடாக்கிவிட வேண்டும். அப்புறம் ஹீட்டரைக் குறைத்து சீட்டை மட்டும் சூடாக வைத்தால் போதும். பின்புறம் வெந்தால் மூக்கு குளிர்வது தெரிவதில்லை.

மார்ச் 16

டயர்களுக்குக் காற்றடித்தேன். ரொல்லாக் வரை போய்த் திரும்பினேன், எழுபத்தைந்தைத் தாண்டவில்லை. போன மாதத்தைவிட எவ்வளவோ சார்ஜ் மிச்சம். பின்னால் ஒன்பது கார்கள் ஊர்வலம். ஒதுங்கி வழிவிட்டேன். ஒருவன் காட்டிய விரலை இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 21

சண்டை. டிக்கியில் மூன்று மூட்டை விறகு!

"மலையில மரமே கெடயாதா?"

"இது காஞ்ச விறகு."

"நானும் காஞ்சுதான் போயிருக்கேன். நீயா, விறகா? யாராவது ஒருத்தர்தான் வரலாம்."

ரொம்ப நேரம் யோசித்தான். பாவி, நிஜமாகவே யோசித்தான். ஒரு மூட்டைக்கு இறங்கிவந்தான். அதுவும் வேண்டாமென்று அவன் தூங்கியபிறகு இறக்கிவிட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

வந்துட்டோம்!!

நூற்று முப்பது கிலோமீட்டர். ரோட்பெர்க்கில் சார்ஜ் போட நீண்ட வரிசை. அதை எழுபது கிலோமீட்டர் வேகத்தில் கடந்தேன், திரும்பியும் பார்க்கவில்லை. சார்ஜ் நாற்பது சதவீதம். மலையேற்றம். முப்பது. இருபத்திரண்டு. சிக்பியோர்ன் சாலையைப் பார்க்கவில்லை, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தான். "பேசாதே, அதுக்கும் கரண்ட் ஆகும்" என்றேன். நிஜமாகவே வாயை மூடிக்கொண்டான். போனமுறை நின்ற இடத்தைத் தாண்டியபோது என் முழங்காலில் கை வைத்தான், எடுக்கவே இல்லை.

பன்னிரண்டு சதவீதத்தில் வந்து நின்றோம். ஹால்வ்தான் வண்டியைச் சுற்றி வந்தான், குனிந்து அடியிலும் பார்த்தான். "லாரி எங்க, அண்ணி?"

"டயர் தேயுமேன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

விற்கிற பேச்சை இனி எடுக்க மாட்டேன் என்று சிக்பியோர்ன் தன் தம்பி காதுபடச் சொன்னான். விறகைத் தேடிப் போனவன் திரும்பி வந்து இன்னும் சில வார்த்தைகள் சொன்னான். அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

மலைவீட்டில் ஒரு குறிப்பேடு உண்டு. வந்தவர்கள் வந்த நாளையும் வானிலையையும் அதில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமையே என் வெற்றியை அதில் முக்கால் பக்கத்துக்கு எழுதிவிட்டேன். கால், மூச்சு, பொறுமை, எல்லாம் விளக்கமாக. இன்று அதை ரசித்துப் படிக்கலாமென்று திறந்தபோதுதான், அன்று எனக்கு முன் வந்துவிட்ட ஹால்வ்தான் மேலே எழுதிய ஒற்றை வரி கண்ணில் பட்டது:

"22 மார்ச். பிளஸ் ஐந்து. காலையிலிருந்தே தென்கிழக்கிலிருந்து பேய்க்காற்று, வழி நெடுக முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்தது."