அசனத்தில் உப்புப் பார்த்தவன்

மே 19, திங்கள்

காலையில் எடை பார்த்தேன். நேற்றைவிடக் கொஞ்சம் குறைவு. நல்லது.

கல்லூரியிலிருந்து உளவியல் ஆராய்ச்சி செய்யும் பெண் வந்தாள். பிரேமா. உடன்குடிக்காரி. அறுபது தாண்டியவர்கள் உணவைப் பற்றி என்ன நம்புகிறார்கள், எப்படிப் பத்தியம் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பதிகிறாளாம். பங்குச் சாமியார் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். வேறு யாரைச் சொல்வார்? ஆறாம் வகுப்போடு நின்று, அகராதியை வைத்துக்கொண்டு மருத்துவப் புத்தகம் படித்தவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான். என்றைக்காவது ஒருவர் வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

எல்லாம் சொன்னேன். பிரஷருக்கு உப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். குறைப்பது அரைகுறை வேலை. நிறுத்தினேன். பிறகு சோறு, எண்ணெய், கருப்பட்டி. கடைசியாக மீன். உப்பளத்தில் கங்காணியாக இருந்தவன் உப்பை விட்டான், கடற்கரையில் பிறந்தவன் மீனை விட்டான் என்றால் அது எப்பேர்ப்பட்ட உறுதி!

அத்தனையும் ஃபோனில் பதிந்தாள். ஆனால் போகும்போது புகழ்ந்தது என் மனைவி அல்போன்சா போட்டுக் கொடுத்த காப்பியை. சர்க்கரைக் காப்பி.

மே 22, வியாழன்

மறுபடி வந்தாள். இன்று கேள்விகள் வேறு மாதிரி.

"விதி தவறிச் சாப்பிட்டா பாவம் பண்ணின மாதிரி இருக்குமா ஐயா?"

"சாப்பாட்டுக்குப் பயந்து கல்யாண வீட்டுக்குப் போகாம இருந்திருக்கியளா?"

எனக்குப் புரிந்துவிட்டது. என் அறிவைக் கேட்க வரவில்லை இவள். என்னைப் பரிசோதிக்க வந்திருக்கிறாள்.

"ஏளா, இது மெலியணும்னு பட்டினி கெடக்கிற குமரிப் பிள்ளைகளுக்கு வாற நோயில்லா? என்கிட்ட எதுக்குக் கேக்க?"

"நோய்னு நான் சொல்லலயே ஐயா. நல்லதை மட்டும்தான் திங்கணும்ங்கிற எண்ணமே ஆளைப் புடிச்சு ஆட்டுறது உண்டு. அதைப் பத்தித்தான் ஆராய்ச்சி நடக்கு. நோய்ப் பட்டியல்ல இன்னும் சேக்கல."

சேர்க்கவில்லை! அப்புறம் என்ன? வாசல்வரை போய் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டே இன்னும் ஒன்று கேட்டாள்.

"உங்க விதிக்காக வீட்ல வேற யாராவது எதையாவது விட்டுக்குடுத்திருக்காங்களா?"

"இல்ல."

அதையும் பதிந்துகொண்டாள்.

மே 23, வெள்ளி

வீட்டில் இன்னொருவரையும் கேட்க வேண்டுமாம். அல்போன்சாவை அடுப்படியில் வைத்துக் கேட்டாள். நான் கதவோரம் நின்றேன். என் வீடு, எங்கே வேண்டுமானாலும் நிற்பேன்.

"அவரு எங்கூட உக்காந்து சாப்பிட்டு ரெண்டு கிறிஸ்மஸ் ஆச்சும்மா. மீன் பொரிச்சா மூக்கைப் பொத்திக்கிட்டு மாடிக்குப் போயிருவாரு. இப்ப நான் பொரிக்கதில்ல. தம்பி வீட்டுக்குப் போனா ரெண்டு துண்டு திம்பேன்."

பொரிக்காதே என்று ஒருநாளாவது சொல்லியிருக்கிறேனா? மூக்கைப் பொத்தினேன், அவ்வளவுதான்.

மே 30

வெண்டைக்காயை எடைபோட்டபோது தராசில் ஒன்று கூடுதலாக விழுந்தது. எடுத்துத் தனியே வைத்தேன். அந்தப் பெண் பக்கத்தில் நின்று பார்ப்பது போலிருந்தது. திருப்பிப் போட்டேன். மறுபடி எடுத்தேன். ஒரு வெண்டைக்காய்க்கு இவ்வளவா?

ஜூன் 9, திங்கள்

வருகிற ஞாயிறு அந்தோனியார் அசனம். தெருவே சேர்ந்து ஆக்கி, ஒரே பந்தலில் உட்கார்ந்து உண்ணும் சோறு. தினையும் அவித்த காயும் போடலாம் என்று வருடா வருடம் சொல்கிறேன். கமிட்டியில் சிரிக்கிறான்கள். சிரிக்கட்டும். உப்புப் பார்க்கும் உரிமை என்னுடையது. உப்பளத்தான் 'சரி' என்ற பிறகு சாமியார் மந்திரிப்பார். அதன்பின் அண்டாவில் யாரும் கைவைக்கக் கூடாது. இலையில் உட்கார்ந்து உப்புக் கேட்பதும் எங்கள் தெருவில் இல்லை. புனிதரின் சோற்றைக் குறை சொன்னதாக ஆகும்.

அல்போன்சாவின் தம்பி பவுல், "இந்த வருசம் வேற யாராவது பாக்கட்டுமே அத்தான்" என்கிறான். ஏன், நான் செத்தா போனேன்?

ஜூன் 15, ஞாயிறு

சமையல்காரன் நேசக்குமார் கறிக்குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டான். நக்கினேன். கடல்! நாக்கு எரிந்தது.

"போதும்லே. இனி ஒரு கல்லு போடாத."

"மாமா, நான் பாதிதான் போட்டிருக்கேன்…"

"ஏலே, நீ அளத்தைக் கண்ணால கண்டிருக்கியா? நான் அதுலயே கெடந்து வெந்தவன்."

உப்புச் சட்டியைத் தள்ளி வைத்தான். சாமியார் மந்திரித்தார். பந்தி உட்கார்ந்தது.

முதல் பந்தியில் எப்போதும் சத்தம் காதைப் பிளக்கும். இன்று பேச்சே இல்லை. கறியை இலை ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள். பிள்ளைகள் துப்புகின்றன. ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள். பவுல்தான் உரக்கக் கேட்டான்.

"அத்தான், அந்தோனியாருக்கும் பிரஷர் வந்துட்டா?"

பந்தல் குலுங்கிச் சிரித்தது.

பெண்கள் வரிசையிலிருந்து அல்போன்சாவின் குரல்: "எனக்குச் சரியாத்தான் இருக்கு. பேசாமத் தின்னுலே." சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கினாள்.

நான் இலையில் உட்காரவில்லை. வேலை இருப்பதுபோல் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

உப்பு சரியாகத்தான் இருந்தது. ஊர் நாக்குதான் கெட்டுக் கிடக்கிறது.

புத்தகத்தில் இருக்கிறது, நானே கோடு போட்டு வைத்திருக்கிறேன்: உப்பை விட்டவன் நாக்குக்குக் கொஞ்சம் உப்பும் அதிகமாகத் தெரியும். அப்படியானால் நேற்று அண்டாவுக்கு முன்னால் நின்றபோது இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுமா கையை நீட்டுன, கிழவா?

ஜூன் 17, செவ்வாய்

மோருக்கே ஒரு சிட்டிகை கூடப் போடுகிறவள் அல்போன்சா. அவளுக்கா அது சரியாக இருந்தது? பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் போய்க் கேட்டேன்.

"வெறும் தண்ணியா இருந்துச்சு" என்றாள், திரும்பாமலே.

"பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்லுதீய? அத்தனை பேரும் உங்களைப் பாத்துச் சிரிக்காங்க. கோயில் சோத்துல உக்காந்து பொய் சொல்லிட்டேன். சனிக்கிழமை சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிடுதேன்."

மாடிக்கு வந்துவிட்டேன். உட்கார முடியவில்லை. ஒரு வாய் சோறு தின்றால் பாவம் என்று நான் இங்கே பயந்துகொண்டிருக்கிறேன். அவளோ என் பொருட்டு ஒரு பாவத்தைக் கரண்டியால் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறாள்.

ஜூன் 19, வியாழன்

பிரேமாவை ஃபோனில் கூப்பிட்டேன்.

"கடைசிக் கேள்விக்கு 'இல்ல'ன்னேன்லா? அதை மாத்து."

"என்னன்னு மாத்தட்டும் ஐயா?"

"உண்டுன்னு போடு. என்னென்னன்னு அவகிட்டயே கேட்டுக்கோ."

மாற்றிக் குறித்துக்கொண்டாள். பிறகு ஒரு டாக்டர் பெயரைச் சொன்னாள். மனசுக்குப் பார்க்கிறவராம். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெயரைக் காலண்டரில் குறித்திருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போதே மீன் வாங்கச் சொன்னேன். சந்தேகமாகப் பார்த்தாள். வாங்கினாள்.

பொரித்தாள். நான் மாடிக்குப் போகவில்லை. எனக்குக் கொஞ்சம் கஞ்சி போதும் என்றேன். பழைய பழக்கத்தில் கஞ்சிக் கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "உப்புப் பாருங்க."

"நீ பாரு."

பார்த்தாள். இரண்டு விரலால் உப்பை அள்ளிப் போட்டாள். எதிரில் உட்கார்ந்தாள்.

நாலு வாய் இறங்கியது. நாக்கு எரிகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, நாளைக்கு எடை, நாளைக்கு எடை என்று. ஐந்தாவது வாய் இறங்கவில்லை. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அவள் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மெல்லத் தின்றுகொண்டிருந்தாள். என் எச்சில் கை காய்ந்து இழுத்தது. அவள் முடிக்கும்வரை கழுவ எழவில்லை.